மூன்று சென்ட் சாமையும் கூட்டாஞ்சோறும்

(வானொலிப் பண்ணை ஒலிபரப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



வேளாண்மை அலுவலர் பேச வந்தால் உரம், பூச்சி மருந்து, விதை நேர்த்தி என்றுதான் ஆரம்பிப்பார் என்று நினைத்திருப்பீர்கள். இன்றைக்கு நான் பேசப்போவது கோடை விடுமுறையில் சின்னப் பிள்ளைகள் சாப்பிடும் மத்தியானச் சாப்பாட்டைப் பற்றி. "இது பொம்பளைங்க சமாச்சாரம், நமக்கென்ன" என்று வீட்டுக்காரர்கள் யாரும் எழுந்து போய்விட வேண்டாம். இதில் பாதிப் பேச்சு உங்கள் காட்டைப் பற்றியதுதான்.

நம் மாநிலத்தில் 1956-இல் காமராசர் காலத்தில் பள்ளியில் மதிய உணவு தொடங்கியது. 1982 ஜூலை முதல் தேதி எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைக் கொண்டுவந்தார். 2022 செப்டம்பரில் காலை உணவும் சேர்ந்தது. ஆகவே பள்ளிக்கூடம் நடக்கிற நாளில், பிள்ளைக்கு மத்தியானம் முட்டையோடு ஒரு சூடான சோறு நிச்சயம். ஆனால் ஏப்ரல் கடைசியில் பள்ளிக்கூடம் மூடினால் திறப்பதற்கு ஏறக்குறைய நாற்பத்தைந்து நாள் ஆகிவிடுகிறது. அந்த நாற்பத்தைந்து நாளும் மத்தியானம் பிள்ளை என்ன சாப்பிடுகிறது? அப்பாவும் அம்மாவும் காலையிலேயே காட்டுக்குப் போய்விடுகிறார்கள். வீட்டில் பாட்டி இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் அக்காள் பார்த்துக்கொள்கிறாள். அக்காளுக்கே எட்டு வயதுதான்.

சென்ற ஆண்டு மே மாதம் வளப்பூர் நாட்டுப் பக்கம் ஒரு சிற்றூருக்கு மிளகுக் கொடி பார்க்கப் போயிருந்தேன். உச்சி வெயில். மலை குளுமையான இடம்தான், ஆனாலும் மே மாத மத்தியான வெயில் மேலேயும் சுடத்தான் செய்கிறது. ஒரு வீட்டுத் திண்ணையில் நாலு வயதுப் பெண் குழந்தை உட்கார்ந்திருந்தது. கையில் கடைச் சிப்ஸ் பாக்கெட். பக்கத்தில் கிண்ணத்தில் சாமைச் சோறு ஆறிப்போய்க் கிடந்தது. பாட்டியிடம் கேட்டேன்.

"சாமைச் சோறுன்னா மூஞ்சியத் திருப்பிக்குது சார். பாக்கெட் வாங்கிக் குடுத்தாத்தான் அழுகைய நிறுத்துது. நான் ஒருத்தி என்ன பண்ணுவேன்?" என்றார் அந்த அம்மாள்.

"எனக்குக் கொஞ்சம் போடுங்க அம்மா" என்று வாங்கிச் சாப்பிட்டேன். மூன்றாவது வாயிலேயே நறுக்கென்று பல்லில் ஒரு கல். அடுத்த வாயில் உமி தொண்டையில் குத்தியது. எனக்கே தண்ணீர் கேட்டது. நாலு வயதுக் குழந்தை ஏன் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டது என்பது அப்போதுதான் புரிந்தது. குழந்தைக்குச் சாமை பிடிக்காமல் இல்லை, கல்லும் உமியும்தான் பிடிக்கவில்லை. ஒரு தடவை பல்லில் கல் பட்டால் பிள்ளை பத்து நாளைக்கு அந்தச் சோற்றைத் தொடாது. பெரியவர்கள் நாம் துப்பிவிட்டு அடுத்த வாய் வைத்துக்கொள்கிறோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

இங்கே ஒரு உண்மையைச் சொல்லியாக வேண்டும். கொல்லிமலையில் சாமைக்குப் பஞ்சமே இருந்ததில்லை. கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, திருகுலச் சாமை, வெள்ளைப் பெருஞ்சாமை என்று சாமையில் மட்டும் எத்தனை வகை! கேழ்வரகிலும் தினையிலும் அதேபோல் பல வகைகள் உண்டு. பிறகு ஜவ்வரிசி ஆலைகளுக்கு மரவள்ளி போட ஆரம்பித்தோம். கையில் ரொக்கம் கிடைத்தது, பாடும் குறைச்சல். சாமைக் காடெல்லாம் மரவள்ளிக் காடாக மாறிவிட்டது. நான் மரவள்ளியைக் குறை சொல்ல வரவில்லை. பிள்ளையைப் படிக்க வைத்ததும் வீட்டுக்கு ஓடு போட்டதும் எத்தனையோ குடும்பங்களில் அந்தக் காசில்தான். ஆனால் காட்டில் சாமை குறைந்தபோது குழந்தையின் கிண்ணத்திலும் குறைந்தது. அந்த இடத்துக்குக் கிழங்கும், ரேஷன் அரிசிச் சோறும், பாக்கெட் தீனியும் வந்து சேர்ந்தன. நூறு கிராம் பச்சை மரவள்ளிக் கிழங்கில் புரதச்சத்து ஒரு கிராம் அளவுதான், மீதியில் பெரும்பங்கு மாவும் தண்ணீரும். வயிறு நிரம்பும், ஆனால் வளர்கிற உடம்புக்கு அது போதாது.

சாமை குறைந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு, அதை ஆண்கள் சுலபமாக மறந்துவிடுகிறார்கள். சாமையின் உமி கெட்டியானது. அதை உரலில் போட்டுக் குத்திப் புடைத்து எடுப்பதற்குள் பெண்களின் தோள் கழன்றுவிடும். காட்டிலும் வேலை செய்து, வீட்டுக்கு வந்து உலக்கையும் பிடி என்றால் யாரால் முடியும்? எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து இந்த மலையில் சிறுதானியங்களைக் காப்பாற்ற வேலை செய்தபோது, இதை உணர்ந்துதான் உமி நீக்கும் எந்திரங்களை ஊர்க் குழுக்கள் மூலம் நடத்தச் செய்தது. உங்கள் ஊருக்கு அருகில் அப்படி ஒரு எந்திரம் இருந்தால் அங்கே கொடுத்து அரையுங்கள். ஒரே ஒரு எச்சரிக்கை. இரண்டு மூன்று வாரத்துக்குத் தேவையானதை மட்டும் அரைத்துக்கொள்ளுங்கள். உமியோடு இருக்கும் சாமை வருடக்கணக்கில் பூச்சி விழாமல் இருக்கும். உமி நீக்கினால் தவிட்டில் உள்ள எண்ணெய் சிக்குப் பிடித்து வாடை வந்துவிடும். அந்த வாடைக்கும் பிள்ளை முகம் சுளிக்கும்.

இனி வீட்டுக்காரர்களிடம் கணக்குப் பேசுகிறேன். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஒரு மத்தியானத்துக்கு 50 கிராம் சாமை அரிசி தாராளம். இரண்டு குழந்தைக்கு நூறு கிராம். நாற்பத்தைந்து நாளைக்கு நாலரைக் கிலோ அரிசி. உமி போக நூற்றுக்கு அறுபது பங்கு அரிசி தேறும் என்று வைத்தால், உமியோடு ஏழரைக் கிலோ சாமை வேண்டும். மானாவாரியில் ஏக்கருக்கு 250 கிலோ என்று குறைத்தே கணக்கிடுவோம். சென்டுக்கு இரண்டரைக் கிலோ ஆகிறது. ஆக, மூன்று சென்ட் போதும்! ஒரு ஏக்கர் மரவள்ளி போடுகிறவர் மூன்று சென்ட் விட்டுக்கொடுத்தால் ஆலைக்காரருக்கு ஒன்றும் குறைந்துவிடாது. வருடம் முழுவதும் அந்த இரண்டு பிள்ளைக்கும் தினம் ஒரு வேளை சாமைச் சோறு போட வேண்டுமென்றாலும் கால் ஏக்கர்தான் ஆகும்.

விதை ஏக்கருக்கு ஐந்து கிலோ என்றால் மூன்று சென்டுக்கு 150 கிராம், அதாவது கையால் அள்ளினால் மூன்று பிடி. பொடி மணலோடு கலந்து தூவினால் சீராக விழும். ஓரத்தில் அவரையும் மொச்சையும் ஊன்றுங்கள், அதற்கான காரணத்தைப் பிறகு சொல்கிறேன். சிறு துண்டு நிலத்தில் சாமை போட்டால் ஒரு சங்கடம் உண்டு. சுற்றுவட்டாரத்துக் குருவியெல்லாம் அந்த மூன்று சென்டில்தான் வந்து இறங்கும். ஆகவே தனித்தனியாகப் போடாமல், அக்கம்பக்கத்து ஐந்து வீட்டார் பேசிக்கொண்டு, அடுத்தடுத்த துண்டாக ஒரே சமயத்தில் விதையுங்கள். பதினைந்து சென்ட் ஒன்றாகக் கதிர் பிடித்தால் சேதம் பகிர்ந்துபோகும், குருவி ஓட்டவும் ஆள் கிடைக்கும். ஐந்து வீடு என்று நான் சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது.

அந்தத் திண்ணைக் குழந்தையிடம் திரும்பி வருகிறேன். நான் அங்கே உட்கார்ந்திருக்கும்போதே பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் நாலைந்து பேர் பலா மரத்தடியில் கொட்டாங்குச்சியில் மண்சோறு ஆக்கி விளையாட ஆரம்பித்தார்கள். இந்தப் பெண்ணும் பாக்கெட்டைப் போட்டுவிட்டு ஓடிவிட்டது. பலா இலையில் மண்ணை வைத்து "சாப்பிடுங்க, சாப்பிடுங்க" என்று ஒருத்தருக்கொருத்தர் பரிமாறிக்கொண்டார்கள். பாட்டி சிரித்துக்கொண்டே, "மண்ணைத் தின்னும், சோத்தைத் தின்னாது" என்றார். எனக்கு ஒரு யோசனை வந்தது. சாமைச் சோற்றை மறுபடி அரித்துக் கல் எடுக்க முடியாது, அது வெந்துவிட்டது. அடுத்த வீட்டில் கேழ்வரகுக் களி இருந்தது. அதைச் சின்னச் சின்ன உருண்டையாக உருட்டி, கடைந்த கீரையோடு பலா இலையில் வைத்து அந்தப் பிள்ளைகள் நடுவில் கொண்டுபோய் வைத்தோம். மண்சோறு போட்ட அதே கையால் பரிமாறிக்கொள்ளப் போனார்கள், பிடித்து இழுத்துக் கைகழுவ வைத்தோம். பிறகு ஐந்து நிமிடத்தில் இலை காலி. நம் பெண்ணும் இரண்டு உருண்டை சாப்பிட்டது.

பாட்டியும் நானும் அன்று கண்டுபிடித்தது ஒன்றும் புதிதல்ல. நீங்களும் நானும் சின்ன வயதில் ஆளுக்கொரு பிடி அரிசி, பருப்பு கொண்டுவந்து ஆக்கித் தின்றோமே, கூட்டாஞ்சோறு, அதேதான். தனியாக உட்கார வைத்தால் சாப்பிடாத குழந்தை கூட்டத்தில் சாப்பிடும். பள்ளிக்கூடத்தில் தட்டைக் காலி செய்கிற பிள்ளை வீட்டில் அடம்பிடிப்பதும் இதனால்தான்.

ஆகவே என் யோசனை இது. விடுமுறை நாளில் ஐந்து வீட்டார் சேர்ந்துகொள்ளுங்கள். திங்கள் முதல் வெள்ளி வரை, நாளுக்கு ஒரு வீட்டிலிருந்து ஒரு பெரியவர் காட்டுக்குப் போகாமல் நின்றுகொள்ளட்டும். பாட்டியாக இருக்கலாம், சித்தப்பாவாகவும் இருக்கலாம், ஆண்பிள்ளை சோறு ஆக்கக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. பிள்ளைகள் காலையில் ஆளுக்கொரு பிடி சாமை அரிசியும், அதில் மூன்றில் ஒரு பங்கு பருப்பும் கொண்டுவரட்டும். துவரை, பாசிப்பயறு, மொச்சை, அவரைக்கொட்டை எதுவானாலும் சரி. எட்டுப் பிள்ளைகளுக்கு 400 கிராம் சாமை, 130 கிராம் பருப்பு என்று கணக்கு வரும். காட்டு ஓரத்தில் அவரை ஊன்றச் சொன்னது இதற்காகத்தான். தானியத்தின் புரதத்தில் ஒரு குறை உண்டு, அதைப் பருப்பின் புரதம் நிரப்பும். இரண்டும் ஒரே வேளையில் வயிற்றுக்குள் போனால் உடம்பு நன்றாகப் பயன்படுத்திக்கொள்ளும்.

சாமை அரிசியை முதலில் அரிக்க வேண்டும். இரண்டு பாத்திரம் வைத்து, தண்ணீரில் சுழற்றிச் சுழற்றி, மேலே மிதந்து வரும் அரிசியை அடுத்த பாத்திரத்துக்கு ஊற்றுங்கள். கல் அடியில் தங்கும். ஒரு தடவை போதாது, மூன்று தடவை செய்யுங்கள். அவசரப்பட்டால் அன்றைய பாடெல்லாம் வீண். பிறகு அரைமணி நேரம் ஊறவிட்டு, ஒரு பங்கு அரிசிக்கு மூன்றரைப் பங்கு தண்ணீர் வைத்துக் குழைய வேகவிடுங்கள். பெரியவர்களுக்கு ஆக்குவதைப் போல உதிரியாக வேண்டாம்.

அந்தச் சோற்றை மூன்று பங்காகப் பிரியுங்கள். ஒன்றில் மஞ்சள் தூள் போட்டு எலுமிச்சம்பழம் பிழியுங்கள். இன்னொன்றில் வேகவைத்த முருங்கைக் கீரையும் பருப்பும் கடைந்து கலக்குங்கள். மூன்றாவதில் தயிர். மஞ்சள், பச்சை, வெள்ளை என்று மூன்று நிறத்தில் மூன்று சின்ன உருண்டைகள், ஒரு பலா இலைத் தொன்னையில். தொன்னையை ஈர்க்குக் குத்தி மடிக்கப் பெரிய பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். கீரை ஆய்வது, தட்டு எடுத்து வைப்பது இதெல்லாம் சின்னதுகளின் வேலை. தான் ஆய்ந்த கீரையைக் குழந்தை ருசி பார்க்காமல் விடாது. எலுமிச்சை நிறத்துக்காக மட்டும் அல்ல, அதிலுள்ள புளிப்புச் சத்து கீரையிலும் தானியத்திலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பில் சேர்க்க உதவுகிறது. சாப்பாட்டோடு கடுங்காப்பி கொடுப்பது இதற்கு நேர் எதிரான வேலையைச் செய்யும். காப்பி விளைகிற மலை, பிள்ளைக்கும் ஒரு வாய் ஊற்றிவிடுகிறோம். அதை நிறுத்திவிட்டு மோர் கொடுங்கள்.

ஒரு நாள் சாமை, மறுநாள் கேழ்வரகு என்று மாற்றுங்கள். நூறு கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்குக் குறையாமல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. தீட்டிய அரிசியில் பத்து மில்லிகிராம் அளவுதான். எலும்பு வளர்கிற வயதில் இந்த வித்தியாசம் பெரியது. கேழ்வரகு அடை தட்டி, டம்ளர் விளிம்பால் அழுத்தி வட்டம் வட்டமாக வெட்டிக் கொடுத்தால், "எனக்கு நிலா, எனக்கு நிலா" என்று கேட்டு வாங்குவார்கள். புட்டு அவித்து வாழைப்பழம் பிசைந்து கொடுக்கலாம். பலாப்பழக் காலம் வேறு, கேட்கவேண்டியதே இல்லை.

இரண்டு வயதுக்குட்பட்ட கைக்குழந்தைகளுக்குக் கூழ் கொடுக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சாதாரணக் கேழ்வரகு மாவு வெந்தால் பசைபோல் இறுகிவிடும். குழந்தை விழுங்க வேண்டுமே என்று நாம் தண்ணீரை ஊற்றுகிறோம். கடைசியில் அந்தச் சின்ன வயிற்றில் தண்ணீர்தான் நிரம்புகிறது. இதற்கு முளைகட்டுவதே வழி. கேழ்வரகை ஓர் இரவு ஊறவைத்து, ஈரத்துணியில் கட்டித் தொங்கவிடுங்கள். ஒன்றிரண்டு நாளில் முளை வந்ததும் நிழலில் உலர்த்தி, இலேசாக வறுத்து, முளையைத் தேய்த்துப் புடைத்துவிட்டு மாவாக்குங்கள். முளைவிடும்போது மாவுப்பசை உடைந்துவிடுவதால், நிறைய மாவு போட்டாலும் கூழ் இளக்கமாகவே இருக்கும். அதே கிண்ணத்தில் சத்து கூடுதலாகப் போகும். துணியில் பூஞ்சணம் தெரிந்தால் மட்டும் தயங்காமல் கொட்டிவிட வேண்டும்.

முட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. வீட்டில் கோழி வளர்க்கிறோம், முட்டையைச் சந்தைக்கு அனுப்பிவிட்டு அந்தக் காசில் பாக்கெட் தீனி வாங்கித் தருகிறோம். இதைவிட நஷ்டமான வியாபாரம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

சில எச்சரிக்கைகளையும் சொல்லிவிடுகிறேன். வேர்க்கடலையோ பலாக்கொட்டையோ முழுசாகச் சின்னக் குழந்தை கையில் கொடுக்காதீர்கள், மூச்சுக்குழாயில் சிக்கிக்கொள்ளும். வேகவைத்து மசித்துத்தான் கொடுக்க வேண்டும். மலைத்தேன் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ஒரு வயது முடியாத குழந்தைக்கு ஒரு சொட்டும் கூடாது. ஆலைக்குப் போடும் கசப்பு மரவள்ளியில் நச்சுப்பொருள் அதிகம். பிள்ளைகள் காட்டில் பிடுங்கிப் பச்சையாகக் கடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குச் சமையல் ரகத்தைத் தனியாக வைத்து, தோலை நன்றாகச் சீவி, மூடாத பாத்திரத்தில் வேகவைத்துத் தண்ணீரை வடித்துவிடுங்கள். அடுப்புப் பக்கம் பெரியவர்தான் நிற்க வேண்டும், கூட்டாஞ்சோறு விளையாட்டு என்றாலும் நெருப்பு விளையாட்டில்லை. குடிதண்ணீரைக் காய்ச்சி ஆறவிடுங்கள். வெயில் காலத்தில் காலையில் ஆக்கியது மத்தியானத்துக்குள் புளித்துவிடும், ஆகவே மத்தியானச் சோற்றை மத்தியானமே ஆக்குங்கள்.

அடித்துத் திணிக்கவும் வேண்டாம். கொஞ்சமாக வையுங்கள், பிள்ளை மறுபடி கேட்டு வாங்கட்டும். விடுமுறை தொடங்கும்போது ஒரு முறையும் முடியும்போது ஒரு முறையும் அங்கன்வாடியில் குழந்தையின் எடையைப் போட்டுப் பார்த்தால், நாற்பத்தைந்து நாள் எப்படிப் போனது என்று தராசு சொல்லிவிடும்.

இந்தக் கோடைக்குச் சாமை கையிருப்பு இல்லாதவர்கள் பக்கத்து ஊரில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த கோடைக்கு இப்போதே மூன்று பிடி விதை எடுத்து வையுங்கள். மழை விழுந்து வைகாசி, ஆனியில் நிலம் பதமானதும் தூவிவிடலாம். வீட்டில் விதை இல்லாவிட்டால் பெரியவர்களிடம் விசாரியுங்கள். அடுக்குப் பானையில் பழைய ரகம் ஏதாவது நிச்சயம் இருக்கும். அதுவும் கிடைக்காவிட்டால் வேளாண்மை விரிவாக்க மையத்துக்கு வாருங்கள்.

அறுத்த பிறகு கதிரை மண் களத்திலோ தார் ரோட்டிலோ போட்டு அடிக்காமல், தார்ப்பாய் விரித்து அதன்மேல் அடியுங்கள். அன்றைக்குப் பாட்டி வீட்டில் என் பல்லில் பட்ட கல் களத்திலிருந்துதான் வந்தது.